காரைக்குடியில் கையில் அரை நாள் மிஞ்சினால்: தனியாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்யாணத்துக்கு வந்திருப்பீர்கள். முகூர்த்தம் காலை எட்டு மணிக்கே முடிந்து, பந்தியும் முடிந்து, தெரிந்தவர்கள் எல்லாரும் காரில் கிளம்பிவிட்டார்கள். உங்களுக்கு ரயில் மறுநாள் அதிகாலை. இல்லையென்றால் ஏதோ ஓர் அலுவலகத்துக்குக் கையெழுத்து வாங்க வந்திருப்பீர்கள், "சார் நாளைக்குத்தான் வருவார்" என்று சொல்லியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் இங்கே புதிதாக வேலைக்கோ படிப்புக்கோ சேர்ந்து, அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமையில் தனியாக மாட்டியிருப்பீர்கள்.

இப்படி எதிர்பாராமல் நேரம் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். லாட்ஜ் கட்டிலில் படுத்துக்கொண்டு போனைத் தேய்ப்பது ஒன்று. "செட்டிநாட்டில் பார்க்க வேண்டிய இடங்கள்" பட்டியலை எடுத்து ஒரே நாளில் ஏழெட்டு இடத்துக்கு ஓடுவது இன்னொன்று. இரண்டாவது முதலாவதைவிட மோசம் என்பது என் கருத்து. படுத்தவருக்கு ஓய்வாவது மிஞ்சும். ஓடியவருக்குப் பஸ் டிக்கெட்டும் கால் வலியும்தான் மிச்சம்.

நான் சொல்லும் வழி இதுதான்: ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதைப் பொறுமையாகப் பாருங்கள். எந்த விஷயம் என்பதை உங்கள் ஆசை பாதி தீர்மானிக்கும், கடிகாரம் மீதி தீர்மானிக்கும்.

முதலில் கடிகாரம், அப்புறம்தான் வரைபடம்

செட்டிநாட்டின் நாள் மூன்று துண்டு. விடிந்ததிலிருந்து பன்னிரண்டு மணி வரை ஒன்று. பன்னிரண்டரை, ஒரு மணி வாக்கில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், கடைகளில் பாதி ஷட்டர் இறங்கும், தெருவில் ஆள் இருக்காது. நாலு மணிக்கு மேல்தான் மறுபடி உயிர் வரும். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இந்த நடுத்துண்டில். பதினொன்றரைக்குக் கிளம்பி, ஒரு மணிக்குப் பிள்ளையார்பட்டியில் இறங்கி, சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அதனால் "எத்தனை மணி நேரம் இருக்கிறது" என்று பார்ப்பதற்கு முன்னால் "எந்த மணி நேரம் இருக்கிறது" என்று பாருங்கள். காலை மூன்று மணி நேரமும் மதியம் மூன்று மணி நேரமும் இங்கே ஒன்றல்ல.

அடுத்தது கணக்கு. கையில் இருக்கும் நேரத்திலிருந்து திரும்பி வர ஒரு மணி நேரத்தையும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்தையும் கழித்துவிடுங்கள். மிச்சத்தில் பாதிக்கு மேல் பஸ்ஸிலேயே போய்விடும் என்றால் அந்த இடம் இன்றைக்கு வேண்டாம். இரண்டு மணி நேரம்தான் என்றால் காரைக்குடி ஊரை விட்டு வெளியே போகாதீர்கள். அரை நாள் என்றால் ஒரு கிராமம். முழு நாள் இருந்தால் ஒரே திசையில் இரண்டு இடம்.

திசைகளை மனதில் வைத்துக்கொள்வது சுலபம். திருச்சி போகும் வழியில் கோட்டையூர், கானாடுகாத்தான், திருமயம். ரயில் பாதையிலும் ஏறக்குறைய இதே வரிசைதான், கானாடுகாத்தானுக்கு உரிய நிலையத்துக்குப் பெயரே செட்டிநாடு. திருப்பத்தூர் போகும் வழியில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி. எதிர்ப்பக்கம் அரியக்குடி, தேவகோட்டை. காலையில் திருமயமும் மாலையில் தேவகோட்டையும் என்று போட்டுக்கொண்டால் நாள் முழுக்கப் பேருந்து நிலையத்தில் நிற்பீர்கள்.

பையில் என்ன, பேச்சில் என்ன

தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, பென்சில், போன் சார்ஜ், சில்லறை. செருப்பு சட்டென்று கழற்றிப் போடும்படியானதாக இருக்கட்டும், கயிறு கட்டிய ஷூவோடு வந்தால் வீட்டுக்கு வீடு குனிந்து நிமிர வேண்டும். பெரிய பெட்டி இருந்தால் தங்கிய இடத்திலேயே கேட்டு வைத்துவிடுங்கள். அறையைக் காலி செய்த பிறகும் சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கிராமத்துக்குள் தனியாக நடந்தால் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "யார் வீட்டுக்கு வந்தீங்க?" இதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு முகத்தைச் சுளிக்க வேண்டாம். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் தெருவில் புதுமுகத்தை விசாரிப்பது அங்கிருப்பவர்களின் பொறுப்பு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பெரிய பெண்மணி கேட்டால், "சும்மா வீடுகளைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் ஆச்சி" என்று சொன்னால் போதும். ஆண்களிடம் அண்ணே, ஐயா. பதில் சொன்ன கையோடு நீங்களும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "உள்ள போய்ப் பார்க்கிற மாதிரி வீடு இங்க எது ஆச்சி?" பல சமயம் காவல்காரரையே கூப்பிட்டு விடுவார்கள். வீட்டைத் திறந்து காட்டும் காவல்காரருக்குக் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வருவது முறை, அவர் கேட்காவிட்டாலும்.

பெண்கள் தனியாகப் போவதில் பகலில் பெரிய தொல்லை இல்லை. ஆனால் உள்ளடங்கிய கிராமங்களில் மத்தியானத்திலேயே தெரு வெறிச்சோடிவிடும். அதனால் காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்புவது நல்லது. எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, 2021 முதல் அப்படித்தான். அதில் ஏறினால் செலவே இல்லாமல் பக்கத்து ஊர்களைப் பார்க்கலாம்.

காலை நேரம் கிடைத்தால்: ஒரு வீட்டைப் படியுங்கள்

எனக்குப் பிடித்தது இது. கானாடுகாத்தான் போதும். கடியாபட்டி, பள்ளத்தூர், கோத்தமங்கலம் எதுவானாலும் சரி. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் பதினைந்து கிலோமீட்டர் அளவில்தான். ஏழு, ஏழரைக்கு இறங்கிவிட்டால் சாய்வான வெயிலில் சுதைச் சிற்பங்கள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் அதே முகப்பு வெளுத்துத் தட்டையாகிவிடும்.

உள்ளே போக முடியாவிட்டால் வந்ததே வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. வெளியே நின்றே ஒரு மணி நேரம் பார்க்க விஷயம் இருக்கிறது. செய்ய வேண்டியது இப்படி.

எதிர் வரிசையில் நிழலாக ஓர் இடம் பார்த்து நில்லுங்கள். முதலில் மேலே பாருங்கள், கைப்பிடிச் சுவர் உச்சியில். பெரும்பாலும் நடுவில் கஜலட்சுமி இருப்பாள், இரண்டு பக்கமும் யானை. அவளுக்குப் பக்கத்திலேயே துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய் நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். கட்டியவர் பர்மாவிலோ இலங்கையிலோ மலாயாவிலோ வட்டித்தொழில் செய்தவர், அங்கே கண்ணில் பட்டதெல்லாம் கொத்தனார் கையில் சுதையாக வந்திருக்கிறது. இந்த வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே எழுந்தவை.

பிறகு கண்ணைக் கீழே இறக்குங்கள். தெரு மட்டத்திலிருந்து வீடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள், எத்தனை படி என்று எண்ணுங்கள். முன்னோர்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்கோளைப் பார்த்தவர்கள், அதனால்தான் இத்தனை மேடு என்று ஊரில் சொல்வார்கள். அடுத்தது நிலை. தலைவாசல் நிலைக்கு மேலே இருக்கும் மரவேலைப்பாட்டை ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை வரிசையாகப் பாருங்கள். மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் பதியாது. ஒரு கிளி, ஒரு கொடி, ஒரு யாளி என்று துண்டு துண்டாகப் பார்த்தால்தான் செதுக்கியவன் எங்கே நின்று நிதானித்தான் என்பது தெரியும். மரம் பர்மாத் தேக்கு.

கதவு திறந்திருந்தால், படியேறாமல், வாசலுக்கு நேரே தெருவிலேயே நில்லுங்கள். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுக்களைக் கட்டு, அதற்கும் பின்னால் கொல்லை வாசல் என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும். இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று பட்டை பட்டையாக இருக்கும். வெளிச்சம் விழும் இடமெல்லாம் முற்றம். முற்றத்தில் விழும் மழையைக் கிணற்றுக்கும், தெருவில் ஓடும் மழையை ஊருணிக்கும் சேர்க்கும்படி வாய்க்கால் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் எங்கே ஊருணி இருக்கிறது என்று தேடிப்போய்ப் பார்த்தால் தெருக்கள் ஏன் இப்படிச் சரிந்து போகின்றன என்பது புரியும்.

இப்போது நடங்கள். வீட்டின் பக்கச் சுவரை ஒட்டியே போய்ப் பின்வாசலைக் கண்டுபிடியுங்கள். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். காலடியை எண்ணிக்கொண்டே போங்கள். எண்ணிக்கையை நோட்டில் குறித்துக்கொண்டு, உங்கள் சொந்த வீட்டின் நீளத்தையும் அதன் கீழே எழுதிப் பாருங்கள்.

சுவரில் காரை பெயர்ந்த இடம் இருந்தால் அதையும் விடாதீர்கள். செட்டிநாட்டுப் பூச்சு பல அடுக்கு. சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசியது. கடைசி அடுக்கு பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கும், கை வைத்தால் வெயிலிலும் குளிர்ச்சி தெரியும். உரிமையாளர் பார்க்கிறாரோ இல்லையோ, பெயர்ந்ததை மேலும் பெயர்க்க வேண்டாம்.

"இவ்வளவு பெரிய வீட்டை ஏன் பூட்டிப் போட்டிருக்கிறார்கள்?" என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள் பங்குதாரர்கள். புள்ளி என்றால் கல்யாணமாகித் தனிக்கணக்கான ஒரு தம்பதி. தாத்தா கட்டிய வீடு பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில் பல புள்ளிக்குப் பொதுவாகிவிடும். அவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம், சாந்தி என்னும் அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வரும்போது வீடு திறக்கும், வளவு முழுக்க ஆள் நிறையும், முடிந்ததும் பூட்டு. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கே போட்ட பணம் போய்ப் பலருக்கு வீடுதான் மிஞ்சியது. பராமரிக்கப் பணம் ஒரு பக்கம், பத்துப் பேர் சம்மதம் இன்னொரு பக்கம். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் சேர்ந்ததால் ஓடு மாற்றக் காசு வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

கானாடுகாத்தானில் ராஜா வீடு என்று சொல்லும் அரண்மனை தனியார் வீடு. வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள், கேட்டுக்கு முன்னால் நின்று வாதாட வேண்டாம். பழைய வீடுகள் சில ஓட்டல்களாகிவிட்டன. உள்ளே ஒரு காபி குடிக்கும் சாக்கில் முற்றத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். காபி விலை வெளியே விற்பதைப் போலப் பல மடங்கு இருக்கும். உட்காரும் வாடகை என்று நினைத்துக்கொண்டால் வயிறு எரியாது.

திரும்பும் முன் கண்டாங்கி நெய்யும் தறி எங்கே ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். கட்டம் போட்ட பருத்திச் சேலை, பெரிய கரை. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவாளர் வேலையில் இருக்கும்போது கதவோரம் நின்று பாருங்கள், கேள்விகளை அவர் கையை எடுக்கும்போது கேளுங்கள்.

வேலை நாள் என்றால் ஆத்தங்குடி

ஞாயிற்றுக்கிழமை இதற்கு வேண்டாம். தரைக்கல் செய்யும் பட்டறையில் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். ஆத்தங்குடிக்குப் பஸ் எப்போதாவதுதான் வரும். காரைக்குடியில் ஏறும்போதே நடத்துநரிடம் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள்.

தரையில் பதிக்கும் கல்லைச் சூளையில் சுட்டு எடுப்பார்கள் என்றுதான் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். இங்கே சூளையே கிடையாது. சிமெண்டு, மணல், நிறப்பொடி, ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது.

ஒரே ஒரு கல்லைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாருங்கள். தொழிலாளி கண்ணாடியைத் துடைத்துப் பலகையில் வைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகட்டால் செய்த அச்சு இறங்குகிறது. இப்போது கண்ணாடி மேல் சின்னச் சின்ன அறைகள். நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் மொண்டு இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், சுற்றிலும் பச்சை என்று ஊற்றுகிறார். கோடு இல்லை, அளவு இல்லை, கைக்கணக்கு. பார்க்க வேண்டிய இடம் அடுத்தது: அச்சை நேர் செங்குத்தாகத் தூக்குகிறார். ஒரு நூல் சாய்ந்தாலும் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். ஓடுவதில்லை. மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவுகிறார், ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு மேல் ஈரக் கலவையை வைத்துக் கரணையால் அழுத்தி மட்டம் பண்ணிச் சட்டத்தைக் கழற்றினால் ஒரு கல். கண்ணாடியோடு அப்படியே அடுக்கி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைக்கிறார்கள். காயும்போது கண்ணாடி தானாக விட்டுவிடும். அப்போதுதான் பூ நேராகத் தெரியும், அதுவரை அவர் முதுகுப்பக்கத்தைத்தான் பார்த்து வேலை செய்தார்.

அச்சே இல்லாமல் கரண்டியைச் சுழற்றி அலை அலையாக ஊற்றுகிறவர்களும் உண்டு. அது அமைந்தால் இன்னும் அதிர்ஷ்டம்.

உங்களுக்கான வேலை: நோட்டில் கட்டம் போட்டு ஒரு கல்லின் கோலத்தைப் பிரதி எடுங்கள். நாலு கல் சேரும்போது புதிதாக ஒரு வட்டமோ நட்சத்திரமோ நடுவில் எழும்புவதைக் கவனித்து அதையும் வரையுங்கள். ஒரு கல்லில் கால் பங்குதான் வரைந்திருப்பார்கள், மிச்சத்தைப் பக்கத்துக் கல் கொடுக்கும். போட்டோ பத்து எடுத்தாலும் இது பிடிபடாது, கை போட்டால்தான் பிடிபடும். வரைய வராது என்று சொல்லாதீர்கள், கட்டம் போட்ட தாளில் கோலம் போடத் தெரியாத தமிழர் எங்கே இருக்கிறார்.

கைக்கு அடக்கமாக ஓரிரு கல் விலைக்குக் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கல் கனம். பஸ்ஸில் போகிறவர் யோசித்து வாங்குங்கள். ஊரிலேயே பெரிய வீடு என்று ஒன்று இருக்கிறது, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். பட்டறையைப் பார்த்த பிறகு அதன் தரையைப் பாருங்கள், முன்னால் பார்க்காதீர்கள்.

ஒன்றிலிருந்து நாலு மணி வரை மட்டும் கிடைத்தால்

சரி, சிக்கலான துண்டு இதுதான். வெளியே திரிய இது நேரமில்லை, சித்திரை வைகாசியில் சொல்லவே வேண்டாம்.

முதலில் சாப்பாடு. பன்னிரண்டரைக்குள் மெஸ்ஸுக்குப் போய்விட்டால் தனி ஆளுக்கும் மேசை கிடைக்கும், பரிமாறுகிறவருக்கும் பேசப் பொழுது இருக்கும். ஒன்றரைக்குப் போனால் நாலு பேர் மேசையில் தெரியாதவர்களோடு முழங்கை இடிபடும். செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் எண்ணெயும் காரமும் என்று வெளியூரில் போர்டு வைத்துவிட்டார்கள். இங்கே வீட்டுச் சமையலில் மிளகும் சோம்பும் பட்டையும் அன்றன்றைக்கு அரைக்கும் அம்மிச் சாந்தும்தான் முன்னால் நிற்கும். நல்ல மெஸ் என்றால் குழம்பின் மேல் எண்ணெய் மிதக்காது.

அதன்பிறகு நூலகம். அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் லட்சுமி வளர்தமிழ் நூலகம் 2025 ஜனவரியில் திறந்தது. ஊர்ப்புறக் கிளை நூலகங்களை நம்பிப் போவதானால் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது நினைவிருக்கட்டும், மத்தியானம் சாத்தும் கிளைகளும் உண்டு. போனால் ஏதோ ஒரு புத்தகத்தைப் புரட்டாமல், காலையில் பார்த்ததைப் பற்றித் தேடுங்கள். அந்த வளாகச் சாலையில் நடக்கும்போது ஒரு விஷயம்: எதிரே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-ல் இங்கே வந்ததே அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான். ஊர்க்காரர்களுக்கு அது செக்ரி. ஐம்பது வயதைக்கூட எட்டாமல் 1957-ல் அழகப்பர் போய்விட்டார்.

புத்தகம் சேர்க்கிற புத்தி இந்த மண்ணுக்கு உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பழைய தமிழ் அச்சுகள்தான் இப்போது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன.

நூலகம் ஒத்துவராவிட்டால், தள்ளிப்போட்ட வேலைகளை முடிக்க இந்த நேரம் தங்கம். நிரப்பாத விண்ணப்பம், பதில் போடாத கடிதம், போனில் நிரம்பி வழியும் படங்களை அழிப்பது. மின்விசிறி ஓடும் ஒரு மூலை போதும். அதுவும் வேண்டாமென்றால் தூங்குங்கள். ஊரே தூங்குகிற நேரத்தில் தூங்குவதைப் பொழுதை வீணடிப்பதாக நான் கணக்கில் எழுத மாட்டேன்.

மாலை கிடைத்தால்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய வீடு ஒன்று பிரிக்கப்பட்டால் அதன் தூண், நிலை, கண்ணாடி, சாமி படம், பாத்திரம் எல்லாம் கடைசியில் இங்கே வந்து சேரும். தனியாகப் போவதுதான் இங்கே வசதி. கூட ஆள் இருந்தால் "போலாமா" என்று இழுப்பார்.

வாங்குவதற்கு முன் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். எனாமல் தூக்கோ அடுக்கோ கையில் எடுத்தால் கவிழ்த்து அடியைப் பாருங்கள். செய்த நாட்டின் முத்திரை இருக்கும், ஸ்வீடன், ஜப்பான் என்று. சீர் வரிசையில் வைக்க எங்கிருந்தெல்லாம் வரவழைத்திருக்கிறார்கள் என்பது ஒரு கடையின் ஒரு தட்டிலேயே தெரிந்துவிடும். பித்தளையில் பெயர் வெட்டியிருக்கும், விலாசத்தோடு. மரச்சாமான் என்றால் இழுப்பறையை வெளியே எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள், முன்பக்கம் பொய் சொல்லலாம், பின்பக்கம் சொல்லாது. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் விலை கேட்டுப் பேரம் பேசி அவர் நேரத்தை எடுக்காதீர்கள். "பார்க்கத்தான் வந்தேன்ணே" என்றால் பார்க்க விடுவார்கள். இன்னொன்று: நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் போன்றவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு என்று வாங்கும் முன் அதை யோசியுங்கள்.

கோயில் போக வேண்டுமென்றாலும் நாலரைக்கு மேல் கிளம்புங்கள். பிள்ளையார்பட்டியில் பிள்ளையார் பாறையிலேயே குடைந்து எடுத்தவர், இரண்டே கை, துதிக்கை வலப்பக்கம் சுழியும். கூட்டம் இல்லாத நாளில் நின்று பார்த்தால் பாறையும் உருவமும் எங்கே பிரிகின்றன என்று தெரியும். குன்றக்குடியில் மலை மேல் சண்முகநாதரைப் பார்க்கிறவர்கள் கீழே இருக்கும் குடைவரைகளைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

திருமயம் கோட்டையை மாலைக்கு வைக்க வேண்டாம் என்பேன், கால்வாசி ஏறுவதற்குள் வெளியே போகச் சொல்லி ஆள் வந்துவிடுவார். அது காலைக்கு உரியது. 1687-ல் கிழவன் சேதுபதி கட்டியது. கோட்டையைவிட, அதே பாறையின் அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைந்திருக்கும் குடைவரைகள்தான் எனக்கு முக்கியம்.

ஆறு மணிக்கு மேல் பலகாரம். வெள்ளைப் பணியாரம் சுடுகிற இடத்தில் சட்டிக்குப் பக்கத்தில் நின்று வாங்குங்கள். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் அதுதான் அளவு என்பார்கள். மாவை ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றினால் அடியில் போய்த் தானே மேலே எழும்பி வரும், திருப்பிப் போட்டதும் எடுத்துவிடுவார்கள். சிவக்க விட்டால் அது வேறு பணியாரம். காரச் சட்னியோடு அங்கேயே தின்றால்தான் ருசி, பொட்டலம் கட்டி அறைக்குக் கொண்டுபோனால் தொய்ந்துவிடும்.

இங்கேயே தங்கப் போகிறவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்களுக்குத் தனி ஞாயிறுகள் நிறைய வரும். அவர்களுக்கு நீளமான ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நகரத்தாரின் ஒன்பது கோயில்கள் நல்ல வரிசை: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒரு தடவைக்கு ஒன்று. எல்லாம் இந்த வட்டாரத்துக்குள்தான். வைரவன்பட்டியிலும் இரணியூரிலும் சிற்ப வேலைக்கே தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

கையால் செய்யப் பிடிக்குமென்றால் பனையோலைக் கொட்டான் முடைவது. சீர் வைக்கவும் பழம் வைக்கவும் வீட்டில் ஆச்சிமார் முடைந்த கூடைதான். அடி போடுவதை யாராவது உட்கார்ந்து காட்டினால்தான் வரும், வீடியோவில் ஓலை எந்தப் பக்கம் மடிகிறது என்றே தெரியாது.

காது உள்ளவர்கள் பங்குனிக்குக் காத்திருங்கள். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா அப்போதுதான். மற்ற நாட்களில் கம்பன் மணிமண்டபத்துக்கு ஒரு மாலை போய், அங்கேயே இருக்கும் தமிழ்த்தாய் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம். சங்கீதம் பிடித்தவர்களுக்கு அரியக்குடி பக்கத்திலேயே இருக்கிறது, இன்றைய கச்சேரி வரிசையை வகுத்துக் கொடுத்த ராமானுஜ ஐயங்கார் 1890-ல் பிறந்த ஊர்.

கார்த்திகையிலிருந்து மாசி வரைக்குள் ஒரு விடியற்காலை கிடைத்தால் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயக் கண்மாய்க்குப் போங்கள். பறவைகள் பயந்துவிடும் என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நீங்களும் போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு போங்கள்.

திரும்பும்போது

கிராமங்களிலிருந்து இருட்டுவதற்கு முந்தின பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள், கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். டீக்கடைக்காரர் சொல்லும் நேரம் போன் காட்டும் நேரத்தைவிடச் சரியாக இருக்கும். ஷேர் ஆட்டோ கிடைத்தால் ஏறும் முன் காரைக்குடியில் பழைய பேருந்து நிலையமா, புதிய பேருந்து நிலையமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவில் நல்ல தூரம். சென்னைக்குப் பல்லவன் ரயில் காரைக்குடியிலிருந்து அதிகாலையிலேயே கிளம்பிவிடும். அதுதான் உங்கள் ரயில் என்றால் பணியாரத்தை ஏழு மணிக்கே முடித்துக்கொண்டு, ஸ்டேஷன் போக ஆட்டோவுக்கு இரவே சொல்லி வைத்துவிடுங்கள்.